பதினொரு பேரும் ஒரு மீன்பாடி வண்டியும்

செம்பரம்பாக்கத்தைத் தாண்டி ஒரு பெரிய சரக்குக் கிடங்கு. அதன் வாசலில், வேப்பமரத்தடியில் பதினொரு பெண்களை உட்காரவைத்துவிட்டு நான் காவலாளியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளே போக ஆளுக்கொரு அடையாள அட்டை நகல் வேண்டுமாம். நான் ஒரே தாளில் பதினொரு பெயரையும் எழுதி, முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். "நான் கவர்மென்ட்" என்று குரலை உயர்த்தினேன். அந்த மனிதர் என் கழுத்தில் தொங்கிய அட்டையை நிதானமாக எடுத்துப் படித்தார்.

"கான்ட்ராக்ட்னு போட்டுக்கீதேம்மா" என்றார்.

உண்மைதான். ஆவடிப் பக்கம் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தின் வாழ்வாதாரப் பிரிவில் நான் அமைப்பாளராக இருந்தேன். வருடாவருடம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். அடுத்தவர்களுக்கு நிரந்தர வேலை வாங்கிக் கொடுப்பதுதான் என்னுடைய தற்காலிக வேலை. இதைச் சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரர் இன்றைக்கும் என்னைக் கேலி செய்வார்.

ஒருவழியாக உள்ளே விட்டார்கள். அந்தப் பதினொரு பேரும் அரசின் ஆதரவற்ற விதவை உதவித்தொகையில் இருந்தவர்கள். அப்படிப்பட்டவர்களை மாதச் சம்பள வேலைக்குக் கொண்டுவர அப்போது ஒரு திட்டம் வந்திருந்தது. கிடங்குக்காரர்கள் ஆளைத் தேர்ந்தெடுத்து நாற்பது நாள் பழக்குவார்கள். பழக்கும் செலவு அரசாங்கத்துடையது. பொட்டலம் கட்டும் வேலை இருந்தது, ஸ்கேன் செய்யும் வேலை இருந்தது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலையும் இருந்தது. முன்னால் இரண்டு இரும்புக் கம்பிகளை நீட்டிக்கொண்டு சரக்கைத் தூக்கிப்போகும் அந்த வண்டியைப் பார்த்ததுமே எங்கள் ஆட்கள் அதற்குக் கொம்பு வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மேலாளர் தேர்வு அறையிலிருந்து வெளியே வந்தார். ராஜவேலு என்று பெயர். கோவில்பட்டிக்காரர், பூந்தமல்லியில் ஃப்ளாட் வாங்கிக் குடியேறியிருந்த இளைஞர். முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பதினொரு பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை.

என்ன வேலை தெரியும் என்று கேட்டாராம். முதலாவது அம்மா, "ஒண்ணும் தெரியாது சார், எனக்கு யாரும் ஆதரவு இல்ல" என்றாராம். இரண்டாவது அம்மா உடம்பு முடியவில்லை என்றாராம். மூன்றாமவர் கேள்வி கேட்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டாராம். நான்காமவர் தன் புருஷனின் இறப்புச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தாராம்.

"நான் வேலைக்கு ஆள் எடுக்க உக்காந்திருக்கேன் மேடம். இவங்க எல்லாரும் என்கிட்ட உதவி கேட்டுட்டுப் போறாங்க" என்றார் ராஜவேலு.

கம்மலைக் கழற்றச் சொன்னவள்

சென்ற இதழில் நான் எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய அலுவலகத் தோழி போன் செய்திருந்தாள். "நல்லது செஞ்சதையே எழுதறியே, சொதப்பினதை எப்ப எழுதப்போற?" என்று கேட்டாள். அவளுக்காகவே இந்தப் பகுதி.

உதவித்தொகை கேட்டு மனுப் போட்டால் வீட்டுக்கு விசாரணைக்கு வருவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலையில் தெருமுனையில் இட்லி விற்கும் ஓர் அம்மாவுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். விசாரணைக்கு வந்தவர் என்ன தொழில் என்று கேட்டதும் அந்த அம்மா கள்ளம் கபடமில்லாமல் இட்லிக் கடை என்று சொல்லிவிட்டார். வந்தவருக்குச் சுடச்சுட இரண்டு இட்லியும் கொடுத்தார். வருமானம் உண்டு என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். வந்தவர் இட்லியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் உண்டு.

அன்றிலிருந்து நான் உஷாராகிவிட்டேன். விசாரணைக்கு முதல் நாளே போய் உட்கார்ந்து பாடம் நடத்துவேன். கம்மலைக் கழற்றிவை. பூ வேண்டாம். மிக்சிமேல் துணியைப் போட்டு மூடு. இருப்பதிலேயே பழைய புடவையைக் கட்டு. என்ன வேலை என்று கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல். தலையைக் குனிந்துகொள். கண்ணில் தண்ணீர் வந்தால் துடைக்காதே.

அப்படி நான் தயார்செய்த யாருக்கும் மனு தள்ளுபடி ஆனதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கிடங்கிலிருந்து வேனில் திரும்பி வரும்போது அந்தப் பதினொரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லார் காதிலும் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி. எல்லாரும் பழைய புடவை. நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பேனாவோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் நாம் ஒன்றுக்கும் உதவாதவர் என்று சொல்ல வேண்டும் என்பது அவர்கள் உடம்பிலேயே ஊறிவிட்டது. ஊற வைத்தவள் நான். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

சும்மாதான் இருக்கேன்

இந்த வியாதி எனக்கும் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் வரிசையில் தஞ்சாவூர் இருந்தது, தர்மபுரி இருந்தது, நாகர்கோவில் இருந்தது. சாயங்காலம் ஒவ்வொரு வீட்டுக் குழம்பும் ஒவ்வொரு ஊர் வாசனையாக மணக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். "சும்மாதான் இருக்கேன்" என்பேன்.

அப்போது என்னிடம் பதினான்கு பிள்ளைகள் டியூஷன் படித்துக்கொண்டிருந்தார்கள். பி.காம். முடித்திருந்தேன். குவார்ட்டர்ஸ் பெண்களின் சீட்டுக் கணக்கு, சங்கக் கணக்கு எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தது. ஆனாலும் சும்மாதான் இருந்தேனாம். வேலை என்றால் சைரன் ஊதியதும் சைக்கிளில் போவது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வகுப்பு

ராஜவேலுவுக்கு நல்ல மனசு. கெஞ்சியதும் இன்னொரு தேதி கொடுத்தார். நடுவில் இரண்டு வாரம் இருந்தது. பட்டாபிராம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சமுதாயக் கூடத்தை வாங்கிப் பதினொரு பேரையும் வரச் சொன்னேன். ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்த வேண்டும். மின்சார ரயில் என்றால் பரவாயில்லை, சரக்கு ரயில் என்றால் ஒரு டீ குடித்துவிடலாம்.

முதல் நாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். இங்கே சொல்வது எந்த ஃபைலுக்கும் போகாது, ஆளாளுக்கு உண்மையில் என்ன செய்து பிழைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள் என்றேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. சோதனை வைக்கிறேனோ என்று சந்தேகம். கடைசியில் நானே முதலில் பாவமன்னிப்புக் கேட்பதுபோல என் டியூஷன் கதையைச் சொன்னேன். பிறகு மெதுவாகப் பேச்சு வந்தது.

ஒருவர் இருநூறு பேர் கல்யாணத்துக்கு பிரியாணி இறக்குபவர். ஒருவர் ஐந்து வீட்டில் வேலை பார்த்து, ஐந்து வீட்டுச் சாவியும் வைத்திருப்பவர். ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வீட்டிலிருந்தே பட்டன் தைத்துக் கொடுப்பவர். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. இவர்கள் எல்லாருக்கும் தொழில் இல்லை என்று மனு எழுதியதும் நான்தான்.

அமுலு என்ற ஒருத்தி மட்டும் பேசவில்லை. நாற்பதைத் தொடும் வயது, ஒல்லி, ஆனால் புஜம் மட்டும் ஆண்பிள்ளைக்கு இருப்பதுபோல இருக்கும். புருஷன் போய்ப் பத்து வருடம். பத்தாவது படிக்கும் மகளோடு ஒற்றை அறையில் குடியிருந்தாள். எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"திட்டக் கூடாது மேடம்" என்று ஆரம்பித்தாள். "எங்க ஊட்டுக்காரரு மீன்பாடி வண்டிய அவரு போனதுலேர்ந்து நான்தான் ஓட்டிகினு இருந்தேன்."

மீன்பாடி வண்டி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முன்னால் இரண்டு சக்கரம், அதன்மேல் சரக்குத் தட்டு. பின்னால் ஒற்றைச் சக்கரம், அதன்மேல் ஓட்டுகிறவரின் இருக்கை. பழைய ஸ்கூட்டர் எஞ்சினைப் பூட்டி ஓட்டுவார்கள். சரக்கு எப்போதும் ஓட்டுகிறவரின் கண்ணுக்கு முன்னால்தான். சிமென்ட் மூட்டை, வாழைத்தார், பீரோ என்று எதை ஏற்றினாலும் அதன் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

அமுலு காலங்காத்தால புறப்பட்டு, மகள் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் இரண்டு நடை அடித்துவிடுவாளாம். தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்கத் தலையில் துண்டு கட்டிக்கொள்வாளாம். இரண்டு மாதத்துக்கு முன், எஞ்சின் வைத்து ஓட்டக் கூடாது என்று போலீஸ் வண்டியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. உதவித்தொகையில் வீட்டு வாடகைகூடத் தேறாது. வேலை கட்டாயம் வேண்டும். ஆனால் கிடங்கில் போய் வண்டி ஓட்டுவேன் என்று சொல்லி, அது தாலுகா ஆபீஸ் காதுக்குப் போய் உதவித்தொகை நின்று, வேலையும் கிடைக்காமல் போனால்?

"இதுவும் பூடுச்சுன்னா எங்கிட்ட இன்னா மேடம் இருக்கு?" என்றாள்.

நின்றுபோன உதவித்தொகையை மறுபடி வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

தாசில்தாரும் வருகிறார்

இரண்டு வாரமும் அந்தக் கூடம் அமர்க்களப்பட்டது. நான் ராஜவேலு மாதிரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். ஒவ்வொருவராக வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒன்றும் தெரியாது என்று வாயில் வந்தால் மற்ற பத்துப் பேரும் கைதட்டிக் கிண்டல் செய்வார்கள். பிரியாணி அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. வந்தபின் நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. அமுலுவும் நன்றாகத்தான் செய்தாள்.

தேர்வுக்கு முதல் நாள் மத்தியானம் தகவல் வந்தது. திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க, உதவித்தொகைப் பிரிவின் தனி தாசில்தாரும் வருகிறாராம். பதினொரு பேரின் உதவித்தொகை ஆணையிலும் அவர் பிரிவின் கையெழுத்துத்தான்.

மற்றவர்கள் சமாளித்துவிடலாம், சமையல் தெரியும், தையல் தெரியும் என்பதெல்லாம் எந்தப் பெண்ணும் சொல்வதுதான். பத்து வருடம் வண்டி ஓட்டிப் பிழைத்தேன் என்பது வேறு. அமுலுவைத் தனியாகக் கூப்பிட்டு, பழைய புத்தி போகாமல், வண்டிப் பேச்சையே எடுக்காதே, பொட்டலம் கட்டுகிறேன் என்று கேள் என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

அமுலு சொன்னது

மறுநாள் அந்த அறையில் ராஜவேலு நடுவில், தாசில்தார் ஜன்னல் பக்கம், நான் ஓரத்தில். தாசில்தார் வழுக்கைத் தலை, மெல்லிய குரல். பெப்பர்மின்ட்டை வாயில் அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறாவதாக அமுலு வந்தாள். உட்கார்ந்தாள். என்ன வேலை தெரியும் என்று ராஜவேலு கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தாசில்தாரைப் பார்த்தாள். அவள் குனிந்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"வண்டி ஓட்டுவேன் சார். பத்து வருசம் மீன்பாடி வண்டி ஓட்டிக்கீறேன்" என்றாள்.

ராஜவேலு பேனாவைக் கீழே வைத்தார். அவர் ஊரில் மீன்பாடி வண்டி கிடையாது. எப்படி இருக்கும் என்று கேட்டார். அவள் மேசையிலிருந்த டப்பாவையும் பேனாக்களையும் வைத்துக் காட்டினாள். அவருக்கு உடனே ஆர்வம் பற்றிக்கொண்டது. ஃபோர்க்லிஃப்ட்டிலும் சரக்கு முன்னால்தானே. சரக்கு கண்ணை மறைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"எறங்கி முன்னாடி போயி பாத்துட்டு வந்துதான் எடுப்பேன். ஒரு கொயந்தை நின்னாகூட மேலேர்ந்து தெரியாது சார். ஆரனை நம்பக் கூடாது."

நாற்பது நாள் பயிற்சி முடிந்த ஆட்களே இந்தப் பதிலைச் சொல்வதில்லை என்று ராஜவேலு பிற்பாடு என்னிடம் சொன்னார். ஆனால் அப்போது அறையில் பேசியது தாசில்தார். பெப்பர்மின்ட்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, இதையெல்லாம் இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். குரலில் கோபம் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அமுலு எழுந்து நின்றுவிட்டாள். இப்படி எழுந்து நிற்பதை எங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கவில்லை.

"சொல்லியிருந்தா பணத்த நிறுத்தியிருப்பீங்க சார். இப்ப சொல்ட்டேன். நிறுத்துங்க, வாணான்னு சொல்லல. வேல குட்த்துட்டு நிறுத்துங்க."

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். இவர் மனுவில் தொழில் என்ன என்று எழுதியிருக்கிறது என்று கேட்டார். என் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியது. அது ஒரு நொடி மனசுக்குள் வந்துபோனது உண்மை. ஆனால் எனக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"இல்லைன்னு எழுதியிருக்கு சார். எழுதினது நான்தான்" என்றேன்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நான் இன்றைக்கு விசாரணைக்கு வரவில்லை, விருந்தாளியாக வந்திருக்கிறேன் என்றார். வேலை நிலைத்த பிறகு அந்த அம்மாவே தாலுகா ஆபீசுக்கு வந்து நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கட்டும், அதுவரை ஓடுகிறது ஓடட்டும் என்றார். பிறகு ராஜவேலுவிடம் திரும்பி, ஓட்டிக் காட்டச் சொல்லுங்களேன், நானும் பார்க்கிறேன் என்றார்.

முற்றத்தில் காலி இடத்தில் கொம்பு வண்டியை நிறுத்தினார்கள். பயிற்சியாளர் படியில் தொற்றிக்கொண்டு, மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மீதிப் பத்துப் பேரும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். அந்த வண்டி பின்சக்கரத்தால் திரும்பும். அது அமுலுவுக்குத் தெரியாது. முதல் திருப்பத்தில் வண்டியின் பின்பக்கம் எதிர்ப்பக்கமாக வீசியது. ஆனால் பயிற்சியாளர் கத்துவதற்கு முன்பே அவள் பிரேக்கை மிதித்திருந்தாள். குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தாள். ஓகோ, இப்படியா என்பதுபோலத் தலையை ஆட்டினாள். இரண்டாவது தடவை சுற்றிக்கொண்டு வந்து கோட்டுக்கு நேராக நிறுத்தினாள்.

பிரியாணி அம்மா விசிலடித்தார். எங்கே கற்றுக்கொண்டாரோ தெரியாது. காவலாளிகூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பதினொரு பேரில் ஒன்பது பேரை எடுத்துக்கொண்டார்கள். மீதி இரண்டு பேரில் ஒருவர் பிரியாணி அம்மா. ராஜவேலு அவரைக் கிடங்கு வேலைக்கு எடுக்கவில்லை, அங்கே இருநூறு பேர் சாப்பிடும் கேன்டீனை நடத்துபவரிடம் கைகாட்டிவிட்டார். இன்னொருவர் இரண்டு மாதம் கழித்து வேறு வேலைவாய்ப்பு முகாமில் தேறினார். வேனில் திரும்பும்போது குத்தம்பாக்கம் வரை பாட்டும் கூத்தும். டிரைவர் நிறுத்திவிட்டு இறங்கி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்கும் ஏதோ ஜெயித்த மாதிரி இருந்ததாம். எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டேன்.

இதற்கு ஃபாரம் கிடையாது

மழைக்காலம் முடியும்போது அமுலுவுக்கு வேலை நிரந்தரமாகி, சம்பளம் பேங்க்கில் விழ ஆரம்பித்தது. அவளுடைய லீவு நாளில் என்னை அழைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனாள். கிடங்கின் நீலச் சட்டை, கழுத்தில் படம் போட்ட அட்டை. லீவு நாளில் யூனிஃபார்ம் எதற்கு என்று கேட்டேன். எனக்குப் பிடிச்சிருக்கு என்றாள்.

உதவித்தொகை கவுன்ட்டரில் வரிசை மாடிப்படி வரை நீண்டிருந்தது. நான் முன்னால் போய்ப் பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லி வரிசையிலேயே நின்றாள். அவள் முறை வந்தது. குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமலே மனு, ரேஷன் கார்டு, இறப்புச் சான்று என்று அடுக்கினார்.

"எனுக்கு வர்ற பணத்த நிறுத்தணும் சார்" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். பணம் வரவில்லையா என்று கேட்டார். வருகிறது, அதை நிறுத்த வேண்டும் என்றாள். அவர் மேசை அறையைத் திறந்து தேடினார். பக்கத்து சீட்டில் கேட்டார். கேட்டு வாங்க ஃபாரம் இருக்கிறது, நின்றுபோனால் மறுபடி கேட்க ஃபாரம் இருக்கிறது, வேண்டாம் என்பதற்கு ஒன்றும் கிடையாது என்றார். யாரும் கேட்டதில்லையாம்.

அப்படியென்றால் ஒரு வெள்ளைத் தாள் கொடுங்கள் என்று வாங்கி, கவுன்ட்டர் பலகைமேலேயே வைத்து எழுதினாள். எட்டாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்து, உருண்டை உருண்டையாக. ஐயா, எனக்கு வேலை கிடைத்துவிட்டது, இனி உதவித்தொகை வேண்டாம், என் இடத்தை இந்த வரிசையில் நிற்கும் யாருக்காவது கொடுக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கடைசி வரியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

குமாஸ்தா அதை இரண்டு தரம் படித்தார். முத்திரை குத்தி நகலை நீட்டும்போது எழுந்து நின்று நீட்டினார்.

அதற்குள் பின்னால் நின்ற ஓர் அம்மா அமுலுவின் சட்டையைத் தொட்டு, இது எந்தக் கம்பெனி, எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று விசாரித்தார். அமுலு ஓரமாக நகர்ந்து சொல்ல ஆரம்பித்தாள். காதில் விழாதவர்கள் கிட்டே வந்தார்கள். படியில் நின்றவர்கள் இறங்கி வந்தார்கள். வரிசை வளைந்து வளைந்து அவளைச் சுற்றி வட்டமாகிவிட்டது. நான் வெளியே தள்ளப்பட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன்.

"அடுத்தது யாரும்மா?" என்று குமாஸ்தா கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். கவுன்ட்டருக்கு யாரும் வரவில்லை.